மாம்பழத்துக்குப் பின்னால் மண்டையோடு

மண்டையோடு பார்க்க அழகாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றிய அன்றைக்கே யாராவது என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுத்திருக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. அதனால், உயிரும் தொப்பையுமாக உட்கார்ந்திருந்த மாம்பழ வியாபாரிகள் அத்தனை பேர் கையிலும் மண்டையோடு பொறித்த பதக்கத்தைத் திணித்த புண்ணியவான் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. இப்போதும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிற சிலர் சட்டென்று சட்டைப்பையைத் தொட்டுக்கொள்கிறார்கள். பிக்பாக்கெட் பயத்தில் அல்ல.

நான் சித்தூரில் அச்சகம் வைத்திருக்கிறேன். மாங்கூழ் டின்களுக்கு லேபிள் அடிப்பதுதான் பிழைப்பு. மாம்பழத்துக்கும் எனக்கும் உள்ள உறவு டின்னின் வெளிப்பக்கத்தோடு முடிந்துவிடும். இருந்தும், மண்டிக்காரர்களும் கூழ் ஆலைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் என்னையும் உறுப்பினராக்கிக்கொண்டார்கள். அழைப்பிதழ் சும்மா அடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. போதாததற்கு, நான் புத்தகம் படிக்கிறவன் என்று ஊரில் ஒரு வதந்தியும் இருந்தது. வரவேற்புரை எழுத எல்லாச் சங்கத்துக்கும் அப்படி ஒருவன் தேவைப்படுகிறான்.

எல்லாம் ஒரு சாவில் தொடங்கியது. போன சீசனில், ஆலை வாசல்களில் லாரிகள் வரிசை கட்டி நின்ற நாட்களில், சங்கத்தின் மூத்த மண்டிக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே வியாபாரத் தவறு, சீசனில் செத்ததுதான். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கூப்பிய கைகளும் எரிகிற மெழுகுவத்திகளும் வந்து குவிந்தன. ஆட்கள்தான் வரவில்லை. பாடைக்குத் தோள் போதாமல், அறுபதைத் தாண்டிய எங்கள் தலைவரே ஒரு பக்கம் பிடித்தார். தெருமுனை திரும்புவதற்குள் அவர் முகம் வெளுத்தது, சட்டை நனைந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, ரத்தக் குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் என்னை மண்டிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சுற்றிலும் காலியான பிளாஸ்டிக் கிரேட்டுகள். நடுவில் நாற்காலியில் அவர்.

“ஆபரேஷனுக்கு நான் பயப்படலபா. அன்னிக்கி பாத்த இல்ல? அந்த மன்ஷன் யாரு வூட்டு நல்லது கெட்டதுக்கு போவாம இருந்தாரு? அவருக்கே தூக்க ஆளில்ல. நானும் ஒரு சீசன்ல போய்ட்டேன்னு வெச்சிக்க, எவன் வருவான்?”

“அப்டில்லாம் ஒண்ணும் ஆவாதுண்ணா.”

“அத டாக்டரு சொல்லட்டும், நீ சொல்லாத. எந்நேரமும் புஸ்தகம் படிச்சிக்கினே கீறியே, இதுக்கு எதனா வழி போட்டுக்கிறானா அதுல?”

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கிறுகிறுப்பில் மனிதன் எதையும் சொல்லிவிடுவான். நான் அப்போது ஐரோப்பாவின் பழைய தொழில் சங்கங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் டச்சுக்கார ஊர்களில் பீப்பாய் செய்கிறவன், ரொட்டி சுடுகிறவன், ரணவைத்தியன் எல்லாருக்கும் தனித்தனிச் சங்கம் உண்டு. உறுப்பினர்களுக்குப் பெயர் பொறித்த பதக்கம் கொடுப்பார்கள். ஒரு பக்கம் அவன் தொழிலின் கருவி இருக்கும். மறுபக்கம், பல பதக்கங்களில், மண்டையோடும் குறுக்கே எலும்பும் மணல் கடிகாரமும். சங்கத்தில் ஒருவன் செத்தால் மற்றவர்கள் சவ ஊர்வலத்துக்கு வந்து, வந்ததற்கு அடையாளமாக அந்தப் பதக்கத்தைக் காட்ட வேண்டும். வராதவனுக்கு அபராதம்.

“உன் தொழில் இது, உன் முடிவு இது, நடுவுல இருக்கறது ஒரு தகட்டோட கனம்தாண்ணா” என்று முடித்தேன். எனக்கே புல்லரித்தது. தலைவருக்கு, அபராதம் என்ற இடத்தில் புல்லரித்தது.

“ஆண்டு விழாவுக்குள்ள பண்ணிடு” என்றார். விழா திருப்பதியில், அவருடைய ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் என்று முடிவாயிற்று. சாமி தரிசனமும் ஆகும், ஆஸ்பத்திரியும் பக்கம்.

கமிட்டியில் பதக்கத்தின் மாதிரிப் படத்தை வைத்தேன். செயலாளர் கூழ் ஆலை வைத்திருப்பவர். எதையும் கண்ணுக்கு மிக அருகில் வைத்துத்தான் பார்ப்பார்.

“இன்னாபா இது, கரண்ட் ஆபீஸ் போர்டு மாரி கீது?”

“நிலையாமைங்க. எல்லாரும் ஒரு நாள் போவணும்னு ஞாபகப்படுத்துது.”

“டிரான்ஸ்பார்மர்ல மாட்டி வெச்சிக்கிறதும் அதத்தான ஞாபகப்படுத்துது?”

மணல் கடிகாரத்தை உற்றுப் பார்த்த ஒரு மண்டிக்காரருக்கு வேறு ஞானம் பிறந்தது. “தே, இது உடுக்கைபா! மண்டையோடு, உடுக்கை. சிவன்! ஆனா பெருமாள் ஊருக்குப் போயி சிவன் மெடல் குத்திக்கினா நல்லாவா இருக்கும்?”

நான் மறுக்கவில்லை. அரியும் சிவனும் ஒன்று என்று யாரோ சொல்ல, மண்டையோடு ஏகமனதாக நிறைவேறியது. மிச்ச நேரமெல்லாம் முலாம் பற்றித்தான் பேச்சு. அந்தக் காலத்திலும் சில சங்கங்களில் பெரிய தலைகளுக்கு வெள்ளி, மற்றவர்களுக்குச் செம்பு என்று வித்தியாசம் இருந்ததை நான் வேடிக்கையாகச் சொல்லிவைத்தேன். மண்டையோட்டை வெள்ளியில் செய்துகொண்டால் கொஞ்சம் குறைவாகச் செத்ததாக ஆகுமோ என்னவோ என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நிர்வாகிகளுக்குத் தங்க முலாம், மற்றவர்களுக்கு வெறும் பித்தளை என்று தீர்மானம் எழுதப்பட்டது.

“நிர்வாகிங்களுக்கு மண்டையோடு கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்” என்றார் செயலாளர். “தூரத்துல இருந்து பாத்தா தெரியணும் இல்ல?”

திருப்பதி பஜாரில் ஒரு கடைக்காரரிடம் வேலையைக் கொடுத்தேன். சாமி டாலர்கள் வார்க்கிறவர். அதோடு, எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் வெட்டுவார். காரியத்துக்கு வந்தவர்களுக்கு இறந்தவர் பெயர் வெட்டிய தட்டோ டம்ளரோ கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. கடை முழுக்க அந்தத் தட்டுகள்தான் அடுக்கியிருந்தன. எனக்கு அது ஒரு சேதியாகவே படவில்லை. நான் மாதிரிப் படத்தை நீட்டி, என்னுடைய தெலுங்கும் தமிழும் கலந்த பாஷையில் விளக்கினேன்.

“இது சாவு சம்பந்தப்பட்ட மெடல். மண்டையோடு நல்லா தெரியணும். அதுக்குக் கீழ பேரு, தெலுங்குல. பேரெல்லாம் உங்க போனுக்கு அனுப்பறேன்.”

அனுப்பினேன். அவர் போனில் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். பெயர்கள் முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு சோடா வரவழைத்தார். அட்வான்ஸ் கொடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேணாம் சார். இந்த மாரி டைம்ல துட்டு வாங்கக்கூடாது. மெல்ல குடுங்க.”

ஆண்டு விழா என்றால் இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். பஸ்ஸில் திரும்பும்போது, கலை தெரிந்தவன் கலை தெரிந்தவனை அடையாளம் கண்டுகொள்கிறான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பூதலப்பட்டு தாண்டும்வரை அந்த எண்ணம் என்னை விடவில்லை.

விழா அன்று காலை பதக்கங்கள் வெல்வெட் பெட்டிகளில் நேராக மண்டபத்துக்கே வந்து சேர்ந்தன. நான் நாலைந்து பெட்டிகளைத் திறந்து சரிபார்த்தேன். நிர்வாகிகளுக்குத் தங்க முலாம் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பார்த்தேன், அதுவும் மாம்பழமும் தராசும் இருந்த முன்பக்கத்தில். மரணத்தின் முன் அனைவரும் சமம் என்று பேசுவதற்கு அரை மணி முன்னால், யார் யாருக்குப் பொன்னிறம் என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வரவேற்புரையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உடம்பும் ஒரு மாம்பழம்தான் என்றேன். பூவாகி, பிஞ்சாகி, காயாகி, பழுத்து, ஒரு நாள் காம்பு கழன்று விழும் என்றேன். சாவை நினைத்துப் பார்க்கிறவனே ஒழுங்காக வாழ்கிறான் என்றேன். பேசப் பேச எனக்கு ருசி ஏறியது. கைதட்டினார்கள். உள்ளே சமையலறையில் வடை வாசனை.

முதல் பெட்டி தலைவருக்கு. செயலாளர் பொன்னாடை போர்த்தி, பெட்டியைக் கொடுத்தார். எல்லாருக்கும் பெட்டிகள் வரிசை வரிசையாகப் போயின. தலைவர் பதக்கத்தை வெளியே எடுத்தார். மாம்பழத்தைப் பார்த்துத் தலையாட்டினார். திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மைக் எதிரில் இருப்பதை மறந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“கீ. சே.”

பிறகு தன் பெயர்.

ஆந்திராவில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. சுவரொட்டியில், கல்லறைக் கல்லில், காரியத் தட்டில் இருக்கும். கீர்த்திசேஷுலு என்பதன் சுருக்கம். புகழ் மட்டும் மிஞ்சியவர் என்று அர்த்தம். தமிழில் நாம் அமரர் என்று போடுவோமே, அது.

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம். ஒவ்வொரு வரிசையிலும் பெட்டி மூடிகள் திறந்துகொண்டே போயின, டப், டப், டப் என்று. ஒவ்வொருவரும் தன்னுடையதைத் திருப்பிப் பார்த்தார்.

என்னுடைய பெட்டி என் மடியில் இருந்தது. அதைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. திறந்தேன். மண்டையோடு மிக நன்றாக வந்திருந்தது. கண்குழிகளில் நல்ல ஆழம். அதன் கீழே, தெளிவான தெலுங்கு எழுத்தில், கீ. சே., என் பெயர், என் இனிஷியல். சாவைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறேன். சற்று முன்னால் அதையே மாம்பழமாக நறுக்கித் தட்டில் வைத்துப் பரிமாறியவன் நான்தான். அதெல்லாம் பொதுவான சாவு. என் இனிஷியல் போட்ட சாவை நான் பார்த்ததே இல்லை. அந்தத் தகட்டைக் கீழே வைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ, கையில் வைத்திருந்தால் ஆகிவிடுமோ என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து யாரோ ஒருவர் தன் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“இன்னா சார் தப்பு?” என்றார். “மண்டையோடு போடச் சொன்னீங்க. சாவு மெடல்னீங்க. பேரு குடுத்தீங்க. பேருக்கு முன்னால கீ. சே. போடாம வெறும் பேரு போட்டா குடும்பத்துல கோச்சிக்க மாட்டாங்களா? அது மரியாதை சார். அதுக்கு நான் கூலிகூட சேக்கல.”

“யோவ், எல்லாரும் உயிரோட இருக்காங்கய்யா!”

எதிர்முனையில் எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து உருண்டது.

“உசுரோட இருக்கிறவங்களுக்கு எவனாச்சும் மண்டையோடு போடுவானா சார்? சங்கத்து ஆளுங்க மொத்தமா டூர் போன பஸ்ஸு எதனா கவுந்துடுச்சோன்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கல. ரெண்டு நாளு எனக்கு சோறே எறங்கல, தெரியுமா?”

“என் பேரும் அதுல இருக்குதுய்யா.”

“உங்க பேரா?” என்றார். பிறகு, மிகவும் தணிந்த குரலில், “அப்ப பேசறது யாரு சார்?” என்று கேட்டார்.

உள்ளே திரும்பியபோது மௌனம் உடைந்திருந்தது. இலை போட்டாகிவிட்டது, எல்லாரும் சாப்பிட வாங்க என்று செயலாளர் மைக்கில் கூவிப் பார்த்தார்.

“வடை, பாயசம்னு காரியத்துக்குப் போடற அதே சாப்பாட்ட போட்டுக்கிறீங்க” என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார். “நம்ம கருமாதிச் சோத்த நாமளே துன்றதா?”

“மலைக்குப் போயி உண்டியல்ல போட்டுட்டா தோஷம் போயிடும்” என்று ஒருவர் வழி சொன்னார். நாலு பேர் எழுந்தேவிட்டார்கள்.

“ஒக்காருபா! கீ. சே.ன்னு நம்ம பேர எழுதி நாமளே சாமி கையில குடுத்து, அவரு அத ஓகே பண்ணிட்டார்னா?”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உருக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். உருக்கினால் பெயரும் சேர்ந்து எரியுமே என்று செயலாளர் கேட்டார். அவர் அன்று காலைவரை பகுத்தறிவுவாதி. என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைவர் மேடையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் அன்று டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே வெளுப்பு. தங்க முலாம் பூசிய பெரிய மண்டையோடு அவர் உள்ளங்கையில் இருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தார். டம்ளரை என்னிடம் கொடுக்கவில்லை, கீழே வைத்துவிட்டார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“மொதல்ல எங்கைலதான் குடுத்தீங்க. மொதல் பேரு என்னுது” என்றார். “வர்ற வியாழக்கெழம எனக்கு இதே ஊர்ல ஆபரேஷன். அதுவரிக்கும் எவனும் எதையும் உருக்காத, தூக்கிப் போடாத. நான் எழுந்து வந்துட்டேன்னா இதுல எழுதிக்கிறது பொய்யி. உங்களுதும் பொய்யி. வரலன்னா...”

பதக்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

என் மனைவி அந்தப் பெட்டியை வீட்டுக்குள் விடவில்லை. “வண்டி டிக்கியிலயே இருக்கட்டும்” என்றாள். தன் கணவன் பெயரைப் பார்த்து அவள் அழவில்லை. நான் டிக்கியைப் பூட்டிவிட்டேனா என்று மட்டும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய மகளும் நானும் மட்டும்தான் இருப்போம், அந்த வெறும் நாற்காலிகளை அவர் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன். அங்கே உட்கார இடமில்லை. நின்றுகொண்டிருந்தவர்களைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. சங்கம் முழுக்க அங்கே இருந்தது. பக்கத்து ஊர்ச் சாவுக்கே வராதவர்கள், நகரியிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். சீசன் கடைசி லோடை ஆலை வாசலில் நிறுத்திவிட்டு செயலாளர் வந்திருந்தார். ஒருவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கண்ணில் படுகிற நர்ஸையெல்லாம் நிறுத்தி, “ஏமைந்தம்மா? எல்லாம் நல்லா போய்க்கினு கீதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன். அத்தனை பேரின் வலது கையும் சட்டைப்பையில் இருந்தது. குனிந்து பார்த்தேன். என்னுடையதும். அதை எப்போது டிக்கியிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். விரல்கள் என் பெயரைத் தடவிக்கொண்டிருந்தன. அந்த ஒரு கணம், மண்டபத்தில் வாங்கிய அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மத்தியானம் டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் ஏதோ கட்சித் தலைவரைத் தப்பாக அறுத்துவிட்டோமோ என்பது போல ஒரு நொடி நின்றார். பிறகு, “பாகுந்தி. ஏமீ பயம் லேது” என்று தெலுங்கில் அபயம் தந்தார். கூடத்தில் எழுந்த பெருமூச்சைக் கேட்டால், மொத்தச் சங்கத்தையும் மேசையில் படுக்கவைத்துத் தையல் போட்டு அனுப்பியதாகத்தான் யாரும் நினைத்திருப்பார்கள். செயலாளர் வாசல் செக்யூரிட்டியைக் கட்டிப்பிடித்து அழுதார். கீழே கேன்டீனில் அன்று வடை தீர்ந்துபோயிற்று.

தலைவரை வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்க விட்டார்கள். நெஞ்சில் கட்டு, தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை விடாமல் சொன்னேன். யார் யார் வந்தார்கள், எப்படி நின்றார்கள், செயலாளர் அழுதது எல்லாம். கை சட்டைப்பையில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

“எவன் வருவான்னு கேட்டீங்களேண்ணா” என்றேன். “ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துட்டாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

“அதான்பா வயித்தெரிச்சலா கீது” என்றார். “நெஜமா போவும்போது கூப்புட்டுப் பாரு, ‘அன்னிக்கே வந்துட்டு போய்ட்டமே’ம்பானுங்க.”